கடல்மேடைத் தூணை அலை தாக்கும்போது: விசையைக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

நடுக்கடலில் நிற்கும் ஒரு தூணின் மீது அலை எவ்வளவு விசை செலுத்தும்? இதற்குப் பதில் சொல்லுமுன் எந்த அலை என்று கேட்டாக வேண்டும். 14 விநாடிக்கு ஒருமுறை வரும் புயலலைக்கு 20 மீட்டர் விட்டமுள்ள தூண் வெறும் குச்சி. 6 விநாடிக்கு ஒருமுறை வரும் அன்றாட அலைக்கு அதே தூண் ஒரு சுவர். குச்சிக்கான சூத்திரத்தைச் சுவருக்குப் போட்டால் விடை மோசமாகத் தவறும். வலிமை, அதிர்வு, களைப்பு (திரும்பத் திரும்ப வரும் சுமையால் பொருள் விரிசல் காண்பது), மேல்தள உயரம் ஆகிய நான்கு கேள்விகளுக்கும் தனித்தனி அலை வேண்டும். எல்லாவற்றுக்கும் நூறாண்டு அலை (நூறாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் பெரிய அலை) ஒன்றே போதும் என்று நினைப்பதுதான் இந்தத் துறையில் மிகவும் பரவலான பிழை.

கணக்கு வெறும் குறியீடுகளாக நின்றுவிடாமல் இருக்க, கட்டுரை முழுவதும் ஒரே உதாரணத்தைப் பின்தொடர்வோம். இடம் வடகடலின் நடுப்பகுதி, ஆழம் 70 மீட்டர். நார்வேயின் எகோஃபிஸ்க், டிராப்னர் மேடைகள் ஏறத்தாழ இந்த ஆழத்தில்தான் நிற்கின்றன. கடல்தரையில் ஊன்றி நிற்கும் கான்கிரீட் தூணின் விட்டம் 20 மீட்டர். புயலலை: உயரம் 24 மீட்டர், அலைக்காலம் 14 விநாடி. அன்றாட அலை: உயரம் 3 மீட்டர், அலைக்காலம் 6 விநாடி.

படி 1: அலையைத் தேர்ந்தெடுத்தல்

கடல் வானிலை அறிக்கை தருவது குறிப்பலை உயரம், அதாவது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. வடிவமைப்புக்கு வேண்டியது அந்தப் புயலில் வரக்கூடிய மிக உயர்ந்த தனி அலை. ஒரு புயலின் உச்சம் மூன்று மணி நேரம் நீடித்து, அதில் ஏறத்தாழ 1,000 அலைகள் வந்தால், மிக உயர்ந்த அலை குறிப்பலை உயரத்தைப் போல 1.86 மடங்கு இருக்கும் என எதிர்பார்க்கலாம். நம் உதாரணத்தில் குறிப்பலை உயரம் 13 மீட்டர். 13 × 1.86 = 24 மீட்டர்.

இந்த 1.86 ஒரு எதிர்பார்ப்பு மட்டுமே, உச்சவரம்பு அல்ல. 1995 ஜனவரி 1 அன்று டிராப்னர் மேடையில் கீழ்நோக்கிப் பொருத்தியிருந்த லேசர் கருவி, குறிப்பலை உயரம் 12 மீட்டரை ஒட்டியிருந்த கடலில் 25.6 மீட்டர் அலை ஒன்றைப் பதிவு செய்தது. அது இரண்டு மடங்குக்கும் மேல். அதன் முகடு மட்டும் சராசரி நீர்மட்டத்திலிருந்து 18.5 மீட்டர் உயர்ந்திருந்தது.

அலைக்காலத்தை ஒற்றை எண்ணாக வைத்துக்கொள்ளக் கூடாது. 24 மீட்டர் உயரத்தை 12.5 முதல் 16 விநாடி வரை பல அலைக்காலங்களுக்குப் போட்டுப் பாருங்கள். கூடவே அந்த அலை இருக்கவே முடியுமா என்றும் பாருங்கள்: ஆழ்கடலில் உயரம் அலைநீளத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டினால் அலை உடைந்துவிடும். 10 விநாடி அலையின் நீளம் ஏறத்தாழ 155 மீட்டர். அதில் ஏழில் ஒரு பங்கு 22 மீட்டர்தான். ஆகவே 10 விநாடியில் 24 மீட்டர் அலை கணினியில் மட்டுமே வரும், கடலில் வராது.

படி 2: அலைநீளம்

ஆழ்கடல் அலைநீளம் = 1.56 × அலைக்காலத்தின் வர்க்கம். 14 விநாடிக்கு 306 மீட்டர். ஆழம் இதில் பாதிக்கும் குறைவாக இருப்பதால் தரை அலையைப் பாதிக்கிறது, திருத்தம் தேவை. திருத்தச் சூத்திரத்தில் அலைநீளம் இருபுறமும் வருவதால் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் விடை காண வேண்டும் (டான்ஹெச் என்பது கணிப்பானில் tanh என்று இருக்கும் சார்பு):

அலைநீளம் = 306 × டான்ஹெச் (6.283 × ஆழம் ÷ அலைநீளம்)

வலப்பக்கம் 306-ஐப் போட்டால் 273 வரும். 273-ஐப் போட்டால் 282. மறுபடி போட்டால் 280, அங்கேயே நின்றுவிடும். விடை மேலும் கீழுமாக ஊசலாடி நெருங்குவதால், கடைசி இரண்டு விடைகளின் சராசரியை அடுத்த சுற்றுக்குக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். 6 விநாடி அலைக்கு நீளம் 56 மீட்டர். 70 மீட்டர் ஆழத்தில் அதற்குத் தரை இருப்பதே தெரியாது, திருத்தமும் வேண்டாம்.

படி 3: குச்சியா, சுவரா?

இரண்டு விகிதங்களை எழுதிக்கொள்ளுங்கள். இவற்றை எழுதாமல் எந்த மென்பொருளையும் திறக்க வேண்டாம்.

முதலாவது, விட்டம் ÷ அலைநீளம். இது 0.2-ஐத் தாண்டினால் தூண் அலையைச் சிதறடிக்கும். அந்தச் சிதறலைக் கணக்கிடும் விளிம்பு விளைவுக் கோட்பாடு தேவை. புயலலைக்கு 20 ÷ 280 = 0.07. அன்றாட அலைக்கு 20 ÷ 56 = 0.36.

இரண்டாவது கியூலகன்–கார்பென்டர் எண்: நீரின் உச்ச வேகம் × அலைக்காலம் ÷ விட்டம். நீர்த்துகள் ஒரு சுற்றில் தூணின் அகலத்தோடு ஒப்பிட எவ்வளவு தூரம் போய்வருகிறது என்பதை இது சொல்லும். புயலலையில் நீர்மட்டத்தில் உச்ச வேகம் விநாடிக்கு 5.9 மீட்டர், ஆகவே எண் 4.1. இது 5-க்குக் கீழே இருந்தால் நீர் தூணைக் கடந்து பின்னால் சுழல் விட நேரமே இல்லை. நிலைம விசைதான், அதாவது நீரின் முடுக்கத்தால் வரும் விசைதான், ஆளும். 25-ஐத் தாண்டினால் இழுவிசை, அதாவது நீரின் வேகத்தால் வரும் விசை, ஆளும். இதே அலை 1.5 மீட்டர் விட்டமுள்ள எஃகு ஜாக்கெட்டின் (குழாய்களைப் பின்னிக் கட்டிய சட்டகத்தின்) காலைத் தாக்கினால் எண் 55. மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் நிற்பவை போன்ற ஜாக்கெட் மேடைகளில் கிளிஞ்சலும் பாசியும் படிவதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது இதனால்தான்: அங்கே இழுவிசை முக்கியம், படிவம் விட்டத்தையும் கூட்டும், சொரசொரப்பையும் கூட்டும். அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் ஜாக்கெட் மேடை விதிமுறையில் வழவழப்பான குழாயின் இழுவைக் கெழு 0.65, படிவம் ஏறிய குழாய்க்கு 1.05. நம் 20 மீட்டர் தூணுக்கு அந்தக் கவலை சிறிதுதான்.

படி 4: புயலலையின் விசை

இங்கே 1950-இல் வெளியான மாரிசன் சமன்பாட்டின் (நிலைம விசை, இழுவிசை இரண்டையும் கூட்டுவது) நிலைமப் பகுதி போதும். தரை முதல் நீர்மட்டம் வரை கூட்டினால் அழகாகச் சுருங்கும்:

விசை = நிலைமக் கெழு × கடல்நீரின் எடையடர்த்தி × தூணின் குறுக்குப்பரப்பு × அலை உயரத்தில் பாதி × டான்ஹெச் (6.283 × ஆழம் ÷ அலைநீளம்)

நிலைமக் கெழு 2. எடையடர்த்தி கன மீட்டருக்கு 10.06 கிலோநியூட்டன். குறுக்குப்பரப்பு 314 சதுர மீட்டர். உயரத்தில் பாதி 12 மீட்டர். கடைசிக் காரணி 0.917. பெருக்கினால் ஏறத்தாழ 70 மெகாநியூட்டன், அதாவது 7,000 டன்னுக்குச் சற்று மேல். இந்த விசையின் மையம் தரையிலிருந்து 41 மீட்டர் உயரத்தில் அமையும். அடியில் கவிழ்ப்புத் திருப்புத்திறன் சுமார் 2,800 மெகாநியூட்டன்-மீட்டர்.

இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று நேரம் பற்றியது. நிலைம விசை நீரின் முடுக்கத்தைப் பொறுத்தது. அது உச்சமடைவது முகடு தூணில் இருக்கும்போது அல்ல, அதற்குக் கால் சுற்று முன்னதாக, நம் அலையில் 3.5 விநாடி முன்னதாக. முகடு உயரத்தையும் உச்ச விசையையும் ஒரே நொடியில் நடப்பதாகக் கூட்டினால் இல்லாத ஒரு சுமை உருவாகும். மற்றது அலையின் வடிவம் பற்றியது. 24 மீட்டர் அலையில் முகடு 12, அகடு 12 என்று சமமாக இருக்காது. இந்தச் சமமின்மையைச் சேர்க்கும் ஸ்டோக்ஸ் இரண்டாம் படித் திருத்தம் போட்டாலே முகடு 14.3 மீட்டர், அகடு 9.7 மீட்டர் என்று வரும். மேலே போட்ட 70 மெகாநியூட்டன் சராசரி நீர்மட்டம் வரைக்குமான கணக்கு. முகட்டுப் பகுதி தாக்குவதையும் சேர்க்க ஸ்டோக்ஸ் ஐந்தாம் படி அலையை எடுத்து, உண்மையான நீர்ப்பரப்பு வரை கூட்ட வேண்டும்.

படி 5: அன்றாட அலையின் விசை

விகிதம் 0.36 என்பதால் தூண் அலையைத் திருப்பி அனுப்பும், பக்கவாட்டிலும் சிதறடிக்கும். மெக்காமி, ஃபூக்ஸ் இருவரும் 1954-இல் தந்த தீர்வு, தரையில் நிற்கும் வட்டத் தூணுக்கு இதைத் துல்லியமாகச் சொல்கிறது. அந்தத் தீர்வில் வரும் பெசல் சார்புகளைப் போட்டுப் பார்த்தால் நம் 6 விநாடி அலைக்கு நிலைமக் கெழு 2 அல்ல, 1.2. மாரிசன் சொல்லும் விசை 9.5 மெகாநியூட்டன், சரியான விசை 5.8 மெகாநியூட்டன். அலைநீளம் தூணின் அகலத்தை நெருங்கும்போது தூணின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நொடியில் ஒரே முடுக்கத்தை உணர்வதில்லை, ஆகவே விசைகள் ஓரளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன.

விசை குறைந்ததென்று நிம்மதி அடைய முடியாது. சிதறிய அலை வரும் அலையோடு சேர்ந்து தூணின் முன்முகத்தில் நீரை ஏற்றுகிறது. அலை குறுகக் குறுக இந்த ஏற்றம் வரும் அலையின் வீச்சைப் (உயரத்தில் பாதியை) போல இரு மடங்கை நோக்கிப் போகும். நான்கு தூண்கள் சதுரமாக நின்றால் நிலைமை இன்னும் கடுமை: சில குறிப்பிட்ட அலைக்காலங்களில் சிதறிய அலைகள் தூண்களுக்கு இடையே சிக்கிக்கொண்டு நீர்மட்டத்தைப் பல மடங்கு உயர்த்தும். லிண்டன், எவன்ஸ் 1990-இல் தந்த முறையில் இதை மடிக்கணினியிலேயே போட்டுப் பார்க்கலாம். அலை வரும் திசையை 0, 22.5, 45 பாகைகளில் மாற்றி, ஒவ்வொரு தூணின் முன்முகத்திலும் நடுப்பகுதியிலும் நீர்மட்டத்தை எடுங்கள். அலைக்கால இடைவெளியை 0.1 விநாடிக்குக் கீழே வையுங்கள்; சிக்கிய அலையின் உச்சம் மிகக் குறுகலானது, அரை விநாடித் தாவலில் அது கண்ணில் படாமலே போய்விடும்.

புயலலைக்கே சுவராக நிற்கும் கட்டுமானமும் உண்டு. 1973-இல் வைக்கப்பட்ட எகோஃபிஸ்க் எண்ணெய்த் தொட்டி சுமார் 90 மீட்டர் அகலம். 280 மீட்டர் அலைக்கு விகிதம் 0.32. அதனால்தான் அதன் வெளிச்சுவரில் துளைகள் விடப்பட்டன. அலை துளை வழியே புகுந்து உள்ளறையில் சுழன்று ஆற்றலை இழக்கும். திரும்பிப் போகும் அலை சிறுத்துவிடும்.

படி 6: கணினி மெஷ்

வட்டத் தூணைத் தாண்டிய எந்த வடிவத்துக்கும் பேனல் முறை மென்பொருள் வேண்டும்; அது பரப்பைப் பேனல் என்னும் சிறு தகடுகளின் வலையாக (மெஷ்) பிரித்துக் கணக்கிடும். வாமிட் பரவலாகப் பயன்படுவது. நெமோ திறந்த மூலம், கற்றுக்கொள்ள நல்லது. பேனலின் மூலைவிட்டம் மிகக் குறுகிய அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கை மீறக் கூடாது. 3 விநாடி அலை வரை பார்க்க வேண்டுமானால் நீளம் 14 மீட்டர், மூலைவிட்டம் 2.3 மீட்டருக்குள். 63 மீட்டர் சுற்றளவுக்கு 40 பேனல் வைத்தால் சரியாக இருக்கும். நீர்மட்டத்தருகே நெருக்கமாகவும் ஆழத்தில் அகலமாகவும் வையுங்கள்.

முடிவில் திடீரென ஓர் ஊசிமுனை உச்சம் தெரிந்தால் அதை உடனே நம்பிவிட வேண்டாம். தூணுக்குள்ளே நீர் இருப்பதாகக் கற்பனை செய்தால் வரும் அலைச் சலனம் பேனல் கணக்கைக் குலைத்துவிடும். 10 மீட்டர் ஆரமுள்ள தூணில் இந்தப் போலி உச்சம் முதலில் 4.1 விநாடியை ஒட்டி வரும். தூணின் உள்ளே நீர்மட்டத்தில் ஒரு மூடிப் பேனல் வைத்தால் அது மறையும். மெஷ்ஷை இரட்டிப்பாக்கி விசை 2 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்னால் ஒற்றைத் தூணுக்கு ஓட்டி, படி 5-இல் வந்த 1.2 கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் பெரும்பாலும் பேனல்களின் வெளிமுகத் திசை தலைகீழாக இருக்கும்.

படி 7: மூன்றில் ஒரு பங்கு அலைக்காலத்தில் வரும் உதறல்

கான்கிரீட் ஒற்றைத்தூண் மேடையின் இயல்பதிர்வுக் காலம் 4.5 விநாடி என்று கொள்வோம். புயலலைக்கு 14 விநாடி. வெகு தூரத்தில் இருக்கிறது, ஒத்ததிர்வு வராது என்று தோன்றும். 14-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள்: 4.7. செங்குத்தான பெரிய அலையின் விசையில், அலைக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கில் ஏறி இறங்கும் மூன்றாம் ஒத்திசைப் பகுதி ஒன்று உண்டு. அது சிறியதுதான், ஆனால் சரியாக இயல்பதிர்வுக் காலத்தில் போய் விழுகிறது.

1990-களின் தொடக்கத்தில் நார்வேயின் ஹைட்ருன் மேடை மாதிரிச் சோதனைகளில் இந்தத் திடீர் அதிர்வு வெளிப்பட்டு, வடிவமைப்பாளர்களைக் கலங்க வைத்தது. நேரியல் கோட்பாட்டில் இதற்கு இடமே இல்லை. ஃபால்டின்சன், நியூமன், வின்யே ஆகியோர் 1995-இல் வெளியிட்ட கோட்பாடு, அலையின் வீச்சு தூணின் ஆரத்துக்கு இணையாக இருக்கும் நிலைக்கானது. நம் உதாரணத்தில் வீச்சு 12, ஆரம் 10, அந்த நிலையேதான்.

இந்த விசை அலை உயரத்தின் மும்மடியோடு வளர்வதால் உயரம் பாதியானால் விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே நடுத்தரப் புயல்களில் அளந்து எதுவும் தெரியவில்லை என்பதால் பெரும்புயலிலும் வராது என்று முடிவு கட்ட முடியாது. தணிப்பு 1 சதவீதம் என்றால் அதிர்வு பாதியாகக் குறையவே 11 சுற்று, ஏறத்தாழ 50 விநாடி ஆகும். அடுத்த அலை 14 விநாடியில் வந்துவிடும். இயல்பதிர்வுக் காலத்தை 3 விநாடிக்குக் கீழே கொண்டுவர முடிந்தால் அதுவே சிறந்த தீர்வு. முடியாவிட்டால் நேரப்படிக் கணக்கும் மாதிரிச் சோதனையும் கட்டாயம்.

படி 8: களைப்பு

இங்கே ஆளும் அலை புயலலை அல்ல. 6 விநாடிக்கு ஓர் அலை என்றால் 20 ஆண்டுகளில் 10 கோடி அலைகள். பற்றவைப்பு இணைப்பில் தகைவு (ஓரலகுப் பரப்பில் வரும் விசை) ஏறி இறங்கும் வீச்சு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். படி 5-இல் மாரிசனை வைத்து 65 சதவீதம் கூட்டிப் போட்டிருந்தால் ஆயுள் கணக்கு நாலில் ஒரு பங்குக்கும் கீழே தவறாகக் குறைந்து, தேவையில்லாத எஃகு ஏறும்.

சிறு இணைப்புகளையும் விட்டுவிடக் கூடாது. 1980 மார்ச் 27 அன்று வடகடலில் கவிழ்ந்து 123 பேரைப் பலிகொண்ட அலெக்சாண்டர் கீலண்ட் மேடையில் விரிசல் தொடங்கியது, குறுக்குத் தண்டு ஒன்றில் நீரொலிவாங்கிக்காகப் பற்றவைத்த சிறு தாங்கியின் பற்றவைப்பில். அந்தத் தண்டு அறுந்தது, மற்றவை தொடர்ந்தன, ஒரு கால் கழன்றது.

படி 9: மிதக்கும் மேடை என்றால்

மிதக்கும் மேடைக்கு அலைக்காலங்களிலிருந்து விலகியிருப்பதுதான் முதல் வேலை. அரைமூழ்கு மேடையின் (ஒரு பகுதி நீரில் மூழ்கி மிதப்பது) மேல்-கீழ் இயல்புக் காலம் 20 விநாடியைத் தாண்ட வேண்டும். நிறை 40,000 டன், கூடவே அசையும் நீரின் நிறை 30,000 டன், நீர்மட்டத்தில் தூண்களின் வெட்டுப்பரப்பு 576 சதுர மீட்டர் என்றால் விடை 21.8 விநாடி. தூண்களைப் பருமனாக்கினால் இந்தக் காலம் குறைந்து புயலலையை நோக்கி நகரும்.

நங்கூரச் சங்கிலிகளுக்கு வேறு ஆபத்து. திரும்பிப் போகும் அலை மேடையை மெல்லத் தள்ளுகிறது. 3 மீட்டர் அலை முழுவதும் பிரதிபலித்தால் ஒரு மீட்டர் அகலத்துக்கு 11 கிலோநியூட்டன். 60 மீட்டர் அகலத்துக்கு 70 டன். இந்தத் தள்ளுவிசை அலைக்கூட்டங்களோடு ஏறி இறங்கும்போது, ஒன்றிரண்டு நிமிட இயல்புக் காலமுள்ள நங்கூர அமைப்பு ஒத்ததிர்வில் ஆடத் தொடங்கும். சங்கிலியின் உச்ச இழுப்பைப் பல நேரங்களில் இதுவே தீர்மானிக்கிறது.

படி 10: அலைத் தொட்டிச் சோதனை

அளவு 1:50 என்று கொண்டால் ஃபிரூட் விதிப்படி (அலைச் சோதனைக்கான அளவு மாற்ற விதி) நீளம் 50-ஆல் வகுபடும், நேரம் 7.07-ஆல். ஆழம் 1.4 மீட்டர், தூண் 40 சென்டிமீட்டர், அலை 48 சென்டிமீட்டர், அலைக்காலம் 1.98 விநாடி. அளந்த விசையை 1,25,000-ஆல் பெருக்கி, தொட்டியில் நன்னீர் இருப்பதால் 1.025-ஆலும் பெருக்க வேண்டும். இந்த இரண்டரை சதவீதத்தை மறப்பவர்கள் நிறைய. சென்னை ஐஐடி-யின் கடல் பொறியியல் துறையில் இத்தகைய அலைத் தொட்டிகள் உள்ளன.

தொட்டியின் மறுமுனையில் அலையை உறிஞ்சும் சரிவு 5 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பினால் தரவு கெடும். மாதிரியை வைக்குமுன் வெறும் தொட்டியில் அதே அலையை ஓட்டிப் பதிவு செய்துவிடுங்கள். படி 7-இன் உதறலைச் சோதிக்க மாதிரியின் இயல்பதிர்வுக் காலமும் அளவுப்படி 0.64 விநாடியாக இருக்க வேண்டும். கெட்டியாகப் பொருத்திய மாதிரி அந்த அதிர்வைக் காட்டவே காட்டாது.

படி 11: மேல்தளத்தின் உயரம்

கூட்டல் எளிது. ஓதம் 1 மீட்டர், புயல் நீரேற்றம் 1 மீட்டர், முகடு 14.3 மீட்டரைத் தூண்கள் ஏற்றும் நீருக்காக 1.2-ஆல் பெருக்கினால் 17.2 மீட்டர், அடித்தள அமிழ்வு 0.5 மீட்டர், பாதுகாப்பு இடைவெளி 1.5 மீட்டர். மொத்தம் 21.2 மீட்டர். இதில் நூறாண்டு அலை முடிந்தது. நார்வே விதிமுறைகளின்படி பத்தாயிரம் ஆண்டு அலையிலும் மேடை இடிந்துவிடாமல் நிற்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் அளந்த முகடு, பரந்த மேல்தளத்தின் கீழே எங்காவது வரக்கூடிய முகட்டைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி போதாதபோது அலை கீழிருந்து மட்டும் அடிப்பதில்லை. 2015 டிசம்பர் 30 அன்று நார்வேக் கடலோரத்தில் கோஸ்ல் இன்னோவேட்டர் என்ற அரைமூழ்கு மேடையின் பக்கவாட்டில் ஓர் அலை மோதி, தங்கும் அறைகளின் ஜன்னல்களை உடைத்தது, ஒருவர் இறந்தார். மிதக்கும் மேடைக்கு முகடு உயரத்தோடு மேடை சாய்வதையும் இறங்குவதையும் ஒரே நேர வரிசையில் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான இடைவெளி தெரியும்.

மேலே போட்ட அமிழ்வு 0.5 மீட்டரை ஒருமுறை எழுதி மூடிவிடக் கூடாது. எகோஃபிஸ்க்கில் எண்ணெய் எடுக்க எடுக்க, சுண்ணப்பாறைத் தேக்கத்தின் அழுத்தம் குறைந்து பாறை நசுங்கியது; கடல்தரையே இறங்கியது. 1984-இல் இது தெரியவந்தபோது மேல்தளங்களுக்கும் அலைக்கும் இடையே இருந்த இடைவெளி வெகுவாகக் குறைந்திருந்தது. 1987-இல் எஃகு மேடைகளின் கால்களை வெட்டி, ஹைட்ராலிக் ஜாக்குகளால் தூக்கி, 6 மீட்டர் உயர்த்தினார்கள். கான்கிரீட் தொட்டியை அப்படித் தூக்க முடியாது. 1989-இல் அதைச் சுற்றி ஒரு கான்கிரீட் பாதுகாப்பு வளையம் எழுந்தது. எனவே மேடை வேலை செய்யும் காலம் முழுவதும் செயற்கைக்கோள் நிலைகாட்டியால் மேல்தளத்தின் உயரத்தை அளந்துகொண்டே இருங்கள். வடிவமைப்பில் அனுமதித்த அமிழ்வில் பாதி வந்ததுமே படி 11-ஐப் புதிய எண்களோடு மறுபடி போட்டுவிடுங்கள். முழுதும் வரும்வரை காத்திருந்தால் மேடையை உயர்த்தத் திட்டமிட நேரம் இருக்காது.